கைப்பிடி உயரம்

குளியலறைச் சுவரில் புதுக் கைப்பிடிகள் மூன்றும் தாழ்வாக இருந்தன.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மார்ட்டின் ஆறடி உயரம். பாலக்கரை வட்டாரத்தில் 'முதியோர் விழாமல் வாழ' என்று மேடைதோறும் முழங்குகிறவர். மைக்கைப் பிடித்தால் பங்குச் சாமியாரே கடிகாரத்தைப் பார்ப்பார். மூன்று வருஷத்துக்கு முன் மனைவி சகாயம்மாள் இதே குளியலறையில் விழுந்து இறந்ததிலிருந்து ஆரம்பித்த தொண்டு அது. இன்று ஐந்து மணிக்கு ஃபாதர் வந்து இந்த முன்மாதிரி வீட்டை மந்திரித்து, அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு.

காலையில் அவர் வெளியே போயிருந்தபோது கைப்பிடி பொருத்திய நஸ்ருல்லாவுக்கு போன் போட்டார். மலைக்கோட்டைப் பக்கத்து ஆள், வீட்டு விவரம் தெரியாதவன்.

"என்னப்பா இது? ஒண்ணு இடுப்புக்குக் கீழ, ஒண்ணு முழங்கால்கிட்ட, இன்னொண்ணு தரையை ஒட்டி! நான் என்ன தவழ்ந்தா குளிக்கப் போறேன்?"

"அம்மா காட்டின இடத்துலதான் சார் போட்டேன்."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான். சுவத்துல கைய வெச்சு வெச்சுக் காட்டுனாங்க. வாயே தொறக்கல. தலையெல்லாம் ஈரம். சாயங்காலம் விருந்துக்கு வரேன்ல, அவங்களையே கேட்டுருவோம் சார்."

போனை வைத்தார். அந்த மூன்று இடங்களும் அவருக்குத் தெரியும். அன்று ஒரு பாராட்டு விழாவுக்கு வைத்திருந்த சட்டையைச் சகாயம்மாள் தீய்த்துவிட்டாள் என்று அவர் அவளைப் பிடரியில் அறைந்து தள்ளியபோது அவள் கை துழாவிய முதல் இடம். எழப் பார்த்தவளின் தலையைக் குழாயில் மோதியபோது இரண்டாவது. மூன்றாவதில் நகங்கள் மட்டும். பிடிக்க ஒன்றும் இல்லாத வழவழச் சுவர்.

நஸ்ருல்லா வந்து வாயைத் திறப்பதற்குள் கழற்றிவிட வேண்டும். ஸ்க்ரூடிரைவருடன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். பினாயிலும் ஈரச் சிமெண்டும் கலந்த நெடிக்கு அடியில், நனைந்த கூந்தலின் தேங்காயெண்ணெய் வாசம் மெல்லக் கிளம்பி, தெருவில் பஸ் ஹாரன் அடங்கிய இடைவெளியில் அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சிழுப்பது போல வந்து நின்றது. திரும்பவில்லை. மண்டியிட்டுக் கடைசிக் கைப்பிடியைப் பிடித்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது.

கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. மணிக்கட்டு திருகியது. முறிந்தது. மேல் கைப்பிடி இன்னொரு கையை இழுத்தது. தோள் கழன்றது. குழாயில் நெற்றி. ஒரு தடவை. மறுபடி. பல் தெறித்தது. விழுந்தால் போதும் என்றிருந்தது. விழ முடியவில்லை.

கூடத்தில் செருப்புச் சத்தம்.

"சார் எங்கப்பா? பொன்னாடை கசங்குது!" பங்குப் பேரவைத் தலைவி கேத்தரினின் குரல்.

"நிக்கிறாங்க. வாங்க," என்றது அவர் காதருகே ஒரு ஈர வாய்.

தாழ்ப்பாள் உள்ளிருந்து விலகியது. வாசலில் ஃபாதர், கேத்தரின், கையில் தட்டோடு நஸ்ருல்லா. முழங்கால்கள் பின்பக்கமாக முறிந்திருக்க, வழுக்காத விரிப்புக்கு நாலு விரற்கடை மேலே அந்தரத்தில், நிமிர்ந்த நெஞ்சோடு, தலைமையாசிரியர் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.