கதவுக்கு உட்பக்கம்

"ஏனுங்கம்மா, நான் எழுதியிருக்கற மாதிரியே செஞ்சாப் போதும். அழ வேண்டாம். அன்னிக்கு நீங்க அழவே இல்லீங்க!"

காலைக் காப்பியைத் தொடாமல் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த மகன் கிருபாசங்கரை மாசாணியம்மாள் பார்த்தாள். சென்னையில் சினிமாப் படிப்பை முடித்துவிட்டு வந்தவன், துடியலூர் வீட்டிலேயே தன் கதையைப் படமெடுக்கிறான். பாதி நிஜமாம், பாதி நடிப்பாம்!

இன்று எடுப்பது, ஆறு வயதில் அவனை மாமன் கருப்புசாமியோடு தொண்டாமுத்தூருக்கு அனுப்பிவிட்டு, அம்மா படாரென்று கதவைச் சாத்திய காட்சி. "என்னை வேண்டாம்னு தள்ளிவிட்டவங்கதானே!" என்று எத்தனை முறை குத்தியிருக்கிறான்... உண்மையை விழுங்கிக்கொண்டு வாழ்ந்தவளுக்கு நடிப்பு புதிதா என்ன?

"நங்கையா! இந்த வயசுல ஹீரோயின் வேஷமுங்களா?" கிருபாசங்கரின் காலமான அப்பாவின் தங்கை புவனா, அண்ணி நடிப்பதை வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

வெளியே நின்று எடுத்தாகிவிட்டது. இப்போது கேமரா வீட்டுக்குள்ளே.

"சாத்துங்கம்மா!"

சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். காட்சி அவ்வளவுதான். ஆனால் அவள் நகரவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, ஒரு கையால் தாழ்ப்பாளை இறுகப் பிடித்தபடி, கதவில் காதை வைத்து நின்றாள். தோள்கள் குலுங்கின.

"அம்மா... இதை நான் எழுதலீங்களே?"

"நீ வெளிய இருந்தே கண்ணு, உனக்கெப்படித் தெரியும்? கையை எடுத்தாத் தெறந்துபோடுவேன்னு இப்படியே நின்னேன்... வண்டிச் சத்தம் அடங்கற வரைக்கும்."

"அப்ப ஏனுங்க அனுப்புனீங்க?"

அவள் தாழ்ப்பாளை இன்னும் இறுகப் பிடித்தாள். புவனாவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கண்ணனுக்கு டி.பி.டா! பக்கத்துல இருந்தா உனக்கும் ஒட்டிக்கும்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. வெளிய தெரிஞ்சா எனக்கு அமைஞ்ச சம்பந்தம் நின்னுபோயிருக்கும்... அதான் 'என்னால புள்ளையப் பாத்துக்க முடியல'ன்னு பழியை இவுங்களே தலையில போட்டுக்கிட்டாங்க!"

"புவனா! சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுனியே..."

"சத்தியமாவது ஒண்ணாவது! பெத்த புள்ளகிட்ட எத்தனை காலத்துக்குங்க பேச்சு வாங்குவீங்க?"

கிருபாசங்கர் கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். அம்மாவின் தோளில் முகம் புதைத்து விம்மினான்.

"சாமி... பிலிம் வீணா ஓடுது பாரு!"

"ஓடட்டுமுங்கம்மா... இதுதானுங்க படம்."

"அழுது முடிச்சுட்டுக் காப்பியக் குடிடா, ஆறிப்போச்சு!" என்ற புவனாவும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

மகனை இரு கைகளாலும் அணைத்துக்கொள்ளத்தான், மாசாணியம்மாளின் கை அந்தத் தாழ்ப்பாளை விட்டது.