வளைவுக்கு அப்பால் ஒரு வெளிச்சம்

இரைப்பை முடிந்து குடல் திரும்பும் அந்த வளைவில் எப்போதும் இருட்டுதான் இருக்கும். வாய்வழியே உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனி விளக்கு எட்டாத இடம் அது. இன்று அங்கே ஒரு வெளிச்சம் தெரிந்தது.

நர்ஸ் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மயக்க மருந்தில் இடப்பக்கம் சரிந்து கிடப்பவன் அவளுடைய சொந்த அண்ணன். வயிற்றில் புற்று முற்றிய பிறகுதான் அப்பா டாக்டரிடம் வந்தார், வந்த வேகத்தில் போய்ச் சேர்ந்தார். அண்ணனுக்கும் அந்தக் கதி வரக்கூடாது, முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று இழுத்து வந்தவள் அவள்தான்.

"எனக்கு ஒண்ணுமே இல்லயே, வாலு. வயித்துக்குள்ள புதையலா இருக்கு?" என்று காலையில்கூடச் சிரித்தான்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவன் அவன். குழாயைக் கடித்துவைத்தால் ஊரே சிரிக்கும் என்று, வாய் மூடாதிருக்கப் பற்களுக்கு நடுவே வைக்கும் பிளாஸ்டிக் வளையத்தின் பட்டையைத் தலைக்குப் பின்னால் இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தாள். வேறு யாருக்கும் அவள் அப்படிச் செய்வதில்லை.

"டாக்டர், அங்க ஏதோ வெளிச்சம்..."

"நம்ம லைட்தான்மா. ஈரத்துல பட்டுத் தெரியுது."

ஏசியின் உறுமலும், ஸ்பிரிட் நெடியும், எச்சிலை உறிஞ்சும் குழாயின் களகளப்பும் அவளுக்குத் தினமும் பழகியவை. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில், ஈரத்துணியைத் தரையில் மெல்ல இழுப்பதுபோல ஒரு சத்தம் அண்ணனின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது.

டாக்டருக்கும் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். அறை விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில் வயிற்றுத் தோலில் சிவப்பாகத் தெரியும் ஒளியை வைத்து, குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது வழக்கம். சிவப்பு தெரிந்தது. பிறகு குழாயின் விளக்கையும் அணைத்தார்.

வயிறு அணையவில்லை.

தொப்புளுக்குக் கீழே இருந்த சிவப்பு மெதுவாக மேலே நகர்ந்தது. டாக்டர் குழாயை உருவினார். ஸ்டாண்டில் மாட்டினார். சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"அண்ணன் வாயை மூடும்மா! அந்தப் பட்டையை அவிழு!"

அவள் முடிச்சைப் பிடித்தாள். கையுறை எச்சிலில் வழுக்கியது. இன்னும் இறுகியது. அவள் போட்ட முடிச்சு.

"அண்ணா, எழுந்திரு. அண்ணா!"

நெஞ்சுக்குழி சிவந்தது. பிறகு தொண்டை.

திரை தானாக உயிர் பெற்றது. குழாய் ஸ்டாண்டில் தொங்குகிறது. விளக்கு இல்லை. ஆனாலும் திரையில் சிவந்த சுவர்கள். மேலே வருகின்றன. நாக்கு. பற்கள். ஒரு வெள்ளை வளையம்.

வளையத்துக்கு வெளியே, குனிந்து முடிச்சோடு போராடும் அவளுடைய முகம். பெரிதாகிக்கொண்டே.