பரண்மேல் ஐந்து பாட்டில்கள்

அஃப்ஷீனின் மூச்சுக்கு விலை மாதம் இரண்டாயிரம் ரூபாய் என்று முடிவாயிற்று. தென்னூர் வீட்டு வாடகை ஒன்பதாயிரம். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையைப் பார்த்த இந்த மாடி வீட்டுக்குப் பதினோராயிரம். கூடுதல் எதற்கு என்று மஹ்ஜபீன் கேட்டதற்கு வீட்டுக்காரர் அருள்ராஜ் ஜன்னலைத் திறந்து காட்டி, காற்றுக்கு என்றார். காற்றுக்கே காசு வாங்குகிற ஆளிடம் மேற்கொண்டு பேரம் பேச, பெரிய கடைவீதியில் பிறந்து வளர்ந்தவளுக்கே வாய் வரவில்லை. தென்னூரில் கீழ்வீடு பெயின்ட் கடை. ஆறு வயது அஃப்ஷீனுக்கு விடிய விடிய நெஞ்சுக்குள் விசில் அடித்தது. சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் அவள் கணவன் நவ்ஷாத், காசைப் பார்க்காதே, பிள்ளையைப் பார் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அனுப்புவது சுலபம்.

மறுநாள் காலை சாமான் வண்டி. அதற்குள் கழுவிவிடலாம் என்று மகளோடு மதியம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஹாலில் பாய் விரித்து, போனைக் கையில் கொடுத்து, பாத்ரூம் பக்கம் வரக் கூடாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள்.

பாத்ரூம் வென்டிலேட்டரை யாரோ பார்சல் டேப்பால் ஒட்டியிருந்தார்கள். ஒரு சுற்று இல்லை. அட்டை வைத்து, அதன்மேல் நாலைந்து சுற்று, ஓரம் ஓரமாக நகத்தால் நீவி, உள்பக்கத்திலிருந்து.

கொசுவுக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காற்றுக்கு விலை சொன்ன வீட்டில் காற்று வரும் ஓட்டையை அடைத்து வைத்திருக்கிறார்கள். இழுத்தால் டேப் நூல் நூலாகக் கிழிந்தது. அங்கே கிடந்த பழைய ஸ்டூல் ஆடியது. அரை மணி நேரத்தில் ஒரு மூலை மட்டும் வந்தது. அதுவும் நகத்தோடு.

பரணில் ஐந்து பாட்டில்கள் இருந்தன. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வீடு மாறுகிறவர்கள் பழைய துடைப்பத்தையும் கக்கூஸ் கழுவுகிற சாமானையும் புது வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கொண்டுபோனால் பழைய வீட்டுத் தரித்திரமும் கூடவே வருமாம். சாமி வேறாக இருந்தாலும் இந்த விஷயத்தில் ஊரே ஒற்றுமை. அவளும் தன்னுடையதைத் தென்னூரிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். இங்கே ஐந்து குடும்பம் விட்டுப்போனது வரிசையாக நின்றது. எல்லாம் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்கள், பினாயில், ஆசிட் விற்கும் சைக்கிள்காரனிடம் சில்லறையாக வாங்கி ஊற்றியவை, எதிலும் பெயர் இல்லை. ஒன்றில் வெள்ளை, ஒன்றில் நீலம், மூன்றில் தண்ணீர் மாதிரி. ஒவ்வொன்றிலும் அரைக்கால் பாட்டில்தான் மிச்சம்.

தரைக் கறையை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. கதவின் உள்பக்கம், இடுப்புக்குக் கீழே, பெயின்ட் வெளுத்துத் திட்டுத் திட்டாக இருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கத் திட்டுகள் தெளிந்துகொண்டே வந்தன. சின்னதும் பெரியதுமாக. விரல்கள் மாதிரி. அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மூன்று நாளாக மூட்டை கட்டிய இடுப்பு, முழங்கால், இப்போது இது வேறு. வீட்டைக் கழுவிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு அருள்ராஜ், வர்றவங்கதான் கழுவிக்குவாங்க, அதுதான் இங்கே வழக்கம் என்று சிரித்திருந்தார்.

அவளுடைய அத்தாவுக்கு அத்தர் கடை. பாட்டில்களின் அடியில் தங்கிய சொட்டுகளை அவர் கொட்டியதே இல்லை. எல்லாவற்றையும் ஒரே குப்பியில் சேர்த்து, 'ஸ்பெஷல்' என்று பெயர் வைத்து, தனி அத்தரைவிட இரண்டு ரூபாய் கூட்டி விற்பார். அடிமிச்சத்தைத் தனித்தனியாக வைத்திருப்பது வியாபாரம் தெரியாதவன் வேலை. மஹ்ஜபீன் ஐந்து பாட்டிலையும் இறக்கி ஒவ்வொன்றாக வாளியில் கவிழ்த்தாள்.

வாளி இரைந்தது.

அடியிலிருந்து பொரிகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு வெளிர் மஞ்சளாக ஒரு புகை, அவசரமே இல்லாமல் விளிம்பைத் தாண்டித் தரையோடு தரையாகப் பரவி அவள் கணுக்காலைச் சுற்றியது; நீச்சல் குளத்து வாடைதான், ஆனால் நூறு குளத்தை ஒரு டம்ளரில் அடைத்த மாதிரி, மூக்கில் ஊசியாக ஏறி, தொண்டையில் பழுத்த கம்பியாக இறங்கியது. கண் திறக்கவில்லை. சுவரைத் தடவினாள். கதவுக்குப் பதில் குழாய். மறுபடி தடவினாள். ஒரு சின்னக் கை அவள் விரலைப் பிடித்தது.

வராதே என்று சொல்லியும் வந்திருக்கிறாள். பிடித்து இழுத்து, தூக்கித் தோளில் போட்டு, வெளியே பாய்ந்து, கதவைக் காலால் உதைத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

பால்கனிக்கு வந்தபிறகுதான் மூச்சு வந்தது. கண்ணில் நீர் கொட்டியதில் கொள்ளிடம், பாலம், சாயங்கால வெயில் எல்லாம் கரைந்து ஒன்றாகத் தெரிந்தன. பிள்ளை அவள் கழுத்தில் முகம் புதைத்திருந்தது. முதுகில் கை வைத்துப் பார்த்தாள். ஏறி இறங்கியது. விசில் இல்லை. இத்தனை புகைக்குப் பிறகும் இல்லை. அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். அடுத்து அருள்ராஜைத் திட்டுவதற்கு இடுப்புப் பையிலிருந்து தன் இன்னொரு போனை எடுத்தாள்.

அவர் பதறவில்லை. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். முதல் நாளே பாத்ரூமா என்று கேட்டார். எல்லோரும் அங்கேதான் ஆரம்பிப்பார்களாம். இதற்கு முன் இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று அவள் கேட்டாள்.

"அதெல்லாம் தங்கமான மனுஷங்கம்மா. அஞ்சு குடும்பம் இருந்துச்சு. ஒருத்தர்கூட அட்வான்ஸத் திருப்பிக் கேக்கல."

போன் காதிலேயே இருந்தது. இந்த ஊரில் பத்து மாத அட்வான்ஸை விட்டுவிட்டுப் போகிறவர்களா? வெள்ளையடிக்கப் பிடித்த ஐந்நூறுக்கு ஸ்டேஷன் வரை போகிற ஊர்.

"எங்க போனாங்க சார்?"

"சாமான் கெடந்துச்சு. ஆளக் காணோம்," என்றார் அவர், சாதாரணமாக.

பின்னால் யாரோ இருமினார்கள்.

பாத்ரூமில். ஆண் இருமல், வயதானது, சளி கட்டியது. தொடர்ந்து ஒரு பெண். அதன்பின் இன்னொருவர், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு இருமுகிற மாதிரி. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். நாலு. ஐந்து.

பிறகு இழுவைச் சத்தம். கர்ர்ர்ர். டேப். கதவின் உள்பக்கம், மேலிருந்து கீழாக. நகத்தால் நீவுகிற ஒலி.

ஹாலைப் பார்த்தாள். பாய். பாயில் போன். விளையாட்டு இன்னும் பாடிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. இல்லாமல் என்ன, பிள்ளைதான் தோளில் இருக்கிறதே.

கர்ர்ர்ர்.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், இடுப்பு உயரத்தில், ஒரு விசில் கேட்டது. மூச்சை இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று. ஆறு வருடம் இருட்டில் காது வைத்துக் கேட்ட விசில். அதில் ஏமாற வழியே இல்லை.

"அம்மா... இருட்டா இருக்கும்மா."

ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். திறந்தது. கதவு வரவில்லை. தோளால் இடித்தாள். ஒட்டிய கதவு. கத்தினாள். உள்ளே தட்டினார்கள், சின்னக் கையால். பிறகு பெரிய கைகள் அதை மெல்ல நகர்த்தின.

தோளில் இருந்ததை இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை. கழுத்தைச் சுற்றிய விரல்கள் ஒரு பிடி இறுகின. ஈரம். கூந்தலில் நீச்சல் குளத்து வாடை.

விசில் நின்றது.

உள்ளே ஆறு பேர். வெளியே அவள் ஒருத்தி. தோளில் சீராக, சத்தமே இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதை இந்தப் பக்கக் கணக்கிலும் எழுத முடியவில்லை, அந்தப் பக்கக் கணக்கிலும் எழுத முடியவில்லை.