அதே அறையில் இன்னொரு மைக்

"உங்க பக்கத்துல யாரும்மா இருக்கா?" என்று விசாரணைக் குழுத் தலைவர் திங்கட்கிழமை கேட்டார். ஆன்லைன் கூட்டம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

"யாருமில்லைங்க. தனியாத்தான் இருக்கேன்."

"மூச்சு விடுற சத்தம் கேக்குதே."

வாடகை வீட்டின் பின்னறையில், கதவைச் சாத்திவிட்டு, லேப்டாப்பின் முன்னால் அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். காலையில் துடைத்த தரையின் பினாயில் வாசனை, தலைக்கு மேலே மின்விசிறியின் கறக் கறக், அடுத்த தெருவில் யாரோ சுவரில் துளை போடும் சத்தம், இவ்வளவுதான் அந்த அறையில் இருந்தது. மூச்சை அடக்கிப் பார்த்தாள். இன்னும் கேட்கிறது என்றார் தலைவர். கூட்டத்தைப் புதன்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி லேபில் அவளுக்குச் 'சரவெடி' என்று சும்மா பெயர் வைக்கவில்லை. பதினோரு வருடமாக ரத்த வகை சோதித்தவள். விசாரணைக்குக் காரணமான நாளில் வந்த ட்யூபில் ஒரு பெயர், சீட்டில் வேறு பெயர். உடனே லேப் சீஃபுக்குப் போன் செய்து, மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொன்னாள். "ஆபரேஷன் தியேட்டர்ல காத்துட்டு இருக்காங்க, ரிசல்ட்டை அனுப்பும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். அனுப்பினாள். அனுப்பியது அவள் கைதான், அதை அவள் மறுக்கவில்லை. தவறான ரத்தம் ஏறி அந்த நோயாளி மறுநாள் இறந்துபோனார். எனக்கு யாரும் போனே பண்ணவில்லை என்று சீஃப் கூசாமல் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியின் உள் இணைப்புப் போனில் பேசிய பேச்சுக்கு எந்தப் பதிவும் கிடையாது. அவளிடம் இருந்த ஒரே சாட்சி அவளுடைய வாய்தான். அந்த வாயைத் திறந்தால்தான் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

புதன்கிழமை வேறு கோளாறு. "நீங்க பேசுறது ரெண்டு தடவை கேக்குதும்மா. கொஞ்சம் மியூட் பண்ணுங்க." பண்ணினாள். திரையில் மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. தலைவர் முகத்தைச் சுளித்தார். "மியூட் பண்ணச் சொன்னேன். இன்னும் பேசிட்டே இருக்கீங்களே?"

அவள் வாயே திறக்கவில்லை. பக்கத்துக் கட்டத்தில் சீஃப் தாடையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் என்றிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி, அதுதான் கடைசி வாய்ப்பு, அன்றைக்கும் சரியாகக் கேட்காவிட்டால் எழுத்தில் இருப்பதை வைத்தே முடிவு செய்துவிடுவோம் என்றார் தலைவர். எழுத்தில் இருந்தது சீஃப் எழுதியது மட்டும்தான்.

அன்று மாலையே அக்காவுக்குப் போன் போட்டாள். அக்காவுக்கு வாடிக்கையாளர் சேவையில் வேலை, நாள் முழுக்கக் காதில் ஹெட்செட்தான்.

"மைக் தூரத்துல இருந்தா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும், வாய்கிட்ட வை. வெறும் சுவர்னா குரல் முட்டித் திரும்பும், நாலு போர்வையைத் தொங்க விடு. ஃபேனை நிறுத்து. இரைச்சல் நீக்கம்னு செட்டிங்ஸ்ல ஒண்ணு இருக்கும், அதை முழுசா வை. மனுஷக் குரலைத் தவிர மத்த எல்லாத்தையும் வடிகட்டிடும். நெட் இழுத்தா வீடியோவை ஆஃப் பண்ணிடு."

"ரெண்டு தடவை கேக்குதுன்னாங்களேக்கா?"

"அதே ரூம்ல இன்னொரு மைக் ஓடிட்டிருக்கும். பழைய போன் ஏதாவது இருக்கா பாரு."

"ஒண்ணும் இல்லை. எனக்கு எதுவும் கேக்கவும் இல்லையே."

"உனக்கு எப்படிடி கேக்கும்? நம்ம பக்கத்துக் கோளாறு அடுத்தவங்களுக்குத்தான் கேக்கும்."

வியாழக்கிழமை புது ஹெட்செட் வாங்கினாள். ஜன்னலைச் சாத்தினாள். மூன்று சுவரிலும் போர்வை தொங்கவிட்டு, போர்வை தீர்ந்துபோனதால் நான்காவது சுவருக்கு, தன் முதுகுக்குப் பின்னால், ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினாள். மின்விசிறியை நிறுத்தியதும் புழுக்கத்தில் துணிகளின் பழைய பீரோ வாசனை மெல்ல எழுந்து அறை முழுக்க நிறைந்தது. பிறகு, பேசியதைப் பதிவு செய்து திருப்பிப் போட்டுக் காட்டும் சோதனைப் பொத்தானை அழுத்தி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள்.

கேட்டுப் பார்த்தாள். குரல் சுத்தமாக இருந்தது. ஒண்ணு. ரெண்டு. மூணு.

நாலு.

அவள் குரல்தான். அவள்தான் சொல்லவில்லை.

இன்னொரு தடவை செய்து பார்க்கக் கை வரவில்லை. நானேதான் வாய் தவறிச் சொல்லியிருப்பேன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். பயப்பட நேரமில்லை, பயந்தால் அந்த சீஃப் ஜெயித்துவிடுவான். கோபத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டே அந்த நாளைக் கடத்தினாள்.

வெள்ளி, மூன்று மணி. வெளியே நல்ல வெயில். ஃப்ரிட்ஜைக்கூட அணைத்திருந்தாள். ஹெட்செட்டின் பஞ்சுக்குள் காதுகள் வேர்த்தன. இரைச்சல் நீக்கத்தை முழுதாக வைத்தாள்.

"இன்னைக்கும் குரல் வெட்டுதேம்மா. வீடியோவை ஆஃப் பண்ணிடுங்க" என்றார் தலைவர். அணைத்தாள். அவள் முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் வந்தது.

"ஆங், இப்ப நல்லா கேக்குது. சொல்லுங்க. சீஃபுக்குப் போன் பண்ணீங்களா?"

"பண்ணினேன் சார். ட்யூப்ல இருக்கிற பேர் வேறன்னு சொன்னேன். அவர்தான் அனுப்பச் சொன்னார்." வாரக்கணக்கில் மனப்பாடம் செய்திருந்தாள். மணியும் சொன்னாள், நிமிடமும் சொன்னாள். குரல் உடையாமல் சொன்னாள்.

தலைவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். சீஃபின் முகத்தில் கலவரம் இல்லை. நிம்மதி இருந்தது. ஏன் நிம்மதி?

சீஃப் ஹெட்செட் போடுகிற ஆள் இல்லை. அவருடைய ஸ்பீக்கரில் விழுந்த சத்தம் அவருடைய மைக் வழியாகத் திரும்பி, சன்னமாக, அவள் காதுக்கு வந்தது. அவர்களுக்குக் கேட்பது முதன்முறையாக அவளுக்கும் கேட்டது.

"...இல்லைங்க. நான் யாருக்கும் போன் பண்ணலை. அவசரத்துல நானாத்தான் அனுப்பினேன்."

அவள் குரல். தணிந்த, பணிவான குரல்.

"பொய்!" என்று கத்தினாள். "சார், அது நான் இல்லை! சார்!"

கறுப்புக் கட்டத்தைச் சுற்றி, பேசுகிறவரைக் காட்டும் பச்சைக் கோடு எரிந்தது. யாரும் நிமிரவில்லை.

"தப்பு என்னோடதுதாங்க. சீஃப் மேல பழி போட்டதுக்கு மன்னிச்சிடுங்க."

"அடப்பாவி, நான் சொல்லலைடா! நான் சொல்லலை!" மேஜையைக் குத்தினாள். கை வலித்தது. அந்தச் சத்தம் அவர்களுக்குப் போகவில்லை. மனிதக் குரலைத் தவிர எல்லாவற்றையும் இரைச்சல் நீக்கம் வடிகட்டிக்கொண்டிருந்தது. வீடியோ பொத்தானை அழுத்தினாள். கட்டம் கறுப்பாகவே இருந்தது. ஹெட்செட்டை வயரோடு பிடுங்கி எறிந்தாள்.

குரல் நிற்கவில்லை.

இப்போது அறைக்குள். பின்னால்.

திரும்பினாள்.

ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி நின்றிருந்தது. வெள்ளை விரிப்பில் ஒரே ஓர் இடம் மட்டும் அசைந்தது. அவள் வாய் உயரத்தில். உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே. வெளியே. அந்த இடத்தில் துணி நனைந்திருந்தது.

"எந்தத் தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கறேங்க" என்றது துணி.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைக் கிழித்தெறிந்திருப்பாள். கால் நகரவில்லை. வயிற்றிலிருந்து இழுத்து, தொண்டை நரம்பு புடைக்க, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. எதிரே விரிப்பு மட்டும் மெல்லப் புடைத்தது.

லேப்டாப்பில் தலைவர் பேனாவை மூடிவைத்தார். "ரொம்ப நன்றிம்மா. இன்னைக்குத்தான் உங்க குரல் தெளிவா கேட்டுது."

"நன்றிங்க" என்றது, அவளுக்கு ஒரு முழம் எதிரே, ஈரத்துணி.