சிவப்புக் குடைக்கு அடியில்

கீலுங்கில் அன்றும் மழைதான். துறைமுகத்துக்கு மேலே குன்றில் இருந்த வீட்டின் மணியை யூ அம்மாள் அழுத்தியபோது பிற்பகல் இரண்டு மணி. கோயில் கடைத்தெருவில் மீன் உருண்டை சூப் விற்பவள் அவள். ஒரு கையில் சூப் தூக்கு, மறு கையில் கறுப்புக் குடை.

கதவைத் திறந்த ஓவியர் தெங் முகத்தைச் சுளித்தார். உடனே அதைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டார். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இந்தப் பெண்மணிதான்.

எட்டு மாதத்துக்கு முன் தெங்கின் மழைக்காட்சிகளை ஊர் நூலகத்தில் மாட்டியிருந்தார்கள். யூ அம்மாள் ஒரு படத்தின் முன் நின்றவள் நகரவே இல்லை. நனைந்த துறைமுகச் சாலை. சிவப்புக் குடைக்கு அடியில், முதுகைக் காட்டியபடி ஒரு பெண். இடது காலணியின் பின்பக்கம் மிதிபட்டு மடங்கியிருந்தது.

"இது எங்க பொண்ணு ஷூமான். எத்தனை திட்டினாலும் ஷூவ இப்படித்தான் மிதிப்பா. அவ தண்ணியில போன அன்னிக்கு நீங்க அங்க இருந்தீங்களா சார்? அவளப் பாத்தீங்களா?"

தெங் யாரையும் பார்த்திருக்கவில்லை. அத்தனை சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு சிவப்பு தேவைப்பட்டது, குடையை வைத்தார். குடையைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது, பெண்ணை வைத்தார். காலணியை ஏன் அப்படி வரைந்தார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் பக்கத்தில் ஒரு நிருபர் நின்றிருந்தார்.

"பார்த்தேம்மா," என்றார் தெங்.

மறுநாள் செய்தித்தாளில் அது வந்தது. பலர் அந்தப் படத்தைப் பார்த்து அழுதார்கள். அடுத்த வாரம் அது தைப்பேயில் பெரிய கண்காட்சிக்குப் போகிறது.

"ஒரே ஒரு நாள் அந்தப் படத்தக் குடுங்க சார்," என்றாள் யூ அம்மாள், வாசலிலேயே நின்று. "உடம்புதான் கிடைக்கல, ஆவியையாவது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு கரையில பூசாரிய வெச்சுக் கூப்பிட்டோம். வருவாளான்னு குறி கேட்டுப் பிறைக்கட்டைய ஏழு தடவ போட்டோம். ஏழு தடவையும் வரமாட்டேன்னுதான் விழுந்துச்சு. அவ தண்ணியிலேயே இல்ல, அந்தப் படத்துல நிக்கிறான்னு பூசாரி சொல்றாரு. படத்தக் கரைக்குக் கொண்டுபோய்க் கூப்பிட்டா வந்துடுவாளாம்."

மழையில், நீர்வண்ண ஓவியம். ஒரு சொட்டு விழுந்தால் போதும். தெங் ஒரு நொடிதான் யோசித்தார்.

"வியாழக்கிழமை வாங்கம்மா. தரேன்."

உள்ளே மேசையில் அவர் மகள் யாச்சின் அந்தச் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி, கொத்தமல்லி இலைகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் எடுத்து விளிம்பில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. சின்ன வயதிலிருந்தே அந்த வாசனை ஆகாது. வாசலிலிருந்து எட்டிப் பார்த்த யூ அம்மாள் சிரித்தாள்.

"எங்க ஷூமானுக்குக் கொத்தமல்லி இல்லாம தொண்டையில இறங்காது."

அவள் போனதும் தெங் புதுத் தாளை நனைத்துப் பலகையில் ஒட்டினார்.

"நகலா?" என்றாள் யாச்சின். "பாவம்ப்பா அந்தம்மா. அசலையே குடுங்களேன்."

"அவங்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகுது? வா, குடையப் பிடிச்சு நில்லு. முதுகு சரியா வரமாட்டேங்குது."

"செத்தவளுக்கு டூப் போடச் சொல்றீங்க. சம்பளம் உண்டா?"

"சூப் உண்டு."

"கொத்தமல்லி போட்டதா? எனக்கு வேணாம்." சிரித்துக்கொண்டே பால்கனிக்குப் போய், சாரலில் குடையை விரித்து நின்றாள். அவர் கேட்காமலேயே இடது காலணியின் பின்பக்கத்தை மிதித்து மடக்கிக்கொண்டாள்.

இரண்டு நாளில் படம் முடிந்தது. தோளின் சரிவு, ஈரச் சாலையில் கலைந்து தெரியும் நிழல், எல்லாம் அப்படியே. அசலைவிட உயிரோட்டமாக இருந்தது என்றுகூட தெங்குக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை யூ அம்மாள் இரண்டு கைகளாலும் படத்தை வாங்கி, குனிந்து வணங்கி, நன்றிக்கென்று இன்னொரு தூக்குச் சூப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். கறுப்புக் குடை படத்தின் மேல் கவிந்தபடி படிகளில் இறங்குவதை தெங் ஜன்னலிலிருந்து பார்த்தார்.

மூன்றரை மணிக்குக் கீழே பூசாரியின் மணி ஒலித்தது. மழையினூடே யூ அம்மாளின் குரல் மெலிதாக மேலேறி வந்தது.

"வாம்மா... வீட்டுக்கு வா..."

சூப்பைச் சுடவைத்து மேசைக்குக் கொண்டுவந்து உட்கார்ந்த யாச்சின் நிமிர்ந்தாள்.

"யாரோ என்னக் கூப்பிடுறாங்க."

"உன்ன இல்ல. அந்தம்மா அவங்க பொண்ணக் கூப்பிடுறாங்க."

"இல்லப்பா." அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். "என்னத்தான்."

மணி நின்றது.

யாச்சின் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நாலரை மணிக்குத் தெங் தூரிகைகளைக் கழுவிவிட்டு வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது.

"யாச்சின்?"

கையைத் தொட்டார். மீன் வைக்கும் ஐஸ்பெட்டிக்குள் கைவிட்டதுபோல் இருந்தது. கன்னத்தில் தட்டினார். தலை மறுபக்கம் சாய்ந்து, அப்படியே நின்றது.

அறைக்குள் துறைமுகத்து நாற்றம் வந்தது. எண்ணெயும் பாசியும் கலந்த நாற்றம்.

அது சுவரிலிருந்து வந்தது. அசல் படம் மாட்டியிருந்த சுவர்.

படத்தில் மழை இருந்தது. சாலை இருந்தது. சிவப்புக் குடை இருந்தது.

குடைக்கு அடியில் யாரும் இல்லை.

சட்டத்தின் கீழ்விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஈரம் தரையில் மேசைவரை போயிருந்தது. காலடி காலடியாக.

ஆம்புலன்ஸைக் கூப்பிடத் திரும்பினார்; அதற்குள் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் காதில் யூ அம்மாளின் குரல் விழுந்தது. அழுதுகொண்டே சிரித்தாள்.

"வந்துட்டா சார்! கட்டை மூணு தடவையும் சரியா விழுந்துச்சு. பாலம் வருது, பாத்து வா, திருப்பம் வருது, பாத்து வான்னு வழியெல்லாம் சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். உங்கள எப்பவும் மறக்கமாட்டேன் சார்."

"அந்தப் படத்த உடனே கொண்டாங்க," என்றார் தெங். "இல்ல, நானே வரேன்."

"எரிச்சாச்சே சார். அவ திரும்பிப் போக வழி இருக்கக்கூடாதுன்னு பூசாரி சொன்னாரு. நீங்களும் கோவிச்சுக்கமாட்டீங்கன்னு..." அவள் தயங்கினாள். "ஒண்ணு மட்டும் புரியல சார். படையலுக்குச் சூப் வெச்சேன். இப்பப் பாத்தா கொத்தமல்லிய எல்லாம் யாரோ பொறுக்கி விளிம்புல வரிசையா வெச்சிருக்காங்க. எங்க ஷூமான் அப்படிப் பண்ணமாட்டாளே. செத்தப்புறம் ருசி மாறிடுமா சார்?"

தெங்கின் பின்னால் கிண்ணம் நகரும் சத்தம் கேட்டது. சூப்பை உறிஞ்சும் சத்தம். இலைகளை நிதானமாக மெல்லும் சத்தம்.

அவர் திரும்பினார். யாச்சின் முகத்தைக் கிண்ணத்திலிருந்து எடுக்காமல், உதட்டில் பச்சை ஒட்டியிருக்க, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நான் இங்க இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார்."

"ஹலோ? சார்? லைன்ல இருக்கீங்களா?"

தெங் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல், மெதுவாகச் சொன்னார்:

"ஆமாம்மா. மாறும். இனிமே அவளுக்குக் கொத்தமல்லி போடாதீங்க."

பின்னால் நாற்காலி நகர்ந்தது. இடது காலைத் தேய்த்து நடக்கும் சத்தம், மிதிபட்ட காலணியின் சத்தம், அடுக்களைப் பக்கம் போயிற்று.

"சார்," என்றது மகளின் குரல். "கொத்தமல்லி இன்னும் இருக்கா?"