அடிப்பலகை

“தள்ளி நில்லுங்க அத்தான், மரம் என்ன சொல்லுதுன்னு கேக்கணும்.”

கொட்டாப்புளி மரச்சுத்தியலால் பழைய பாய்மரப் படகின் விலாவில் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். நல்ல மரமென்றால் டங்கென்று சொல்லும். உளுத்ததென்றால் பொத்தென்று முனகும். இது இரண்டும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து திருப்பித் தட்டியது. மூன்று முறை.

“அத்தான், உள்ள யாரோ தட்டுறாங்க.”

“இந்த ஓட்டைக்குள்ள யாரு குடித்தனம் பண்றா? எலியா இருக்கும்.” அவள் அக்கா புருஷன், படகு உடைக்கும் களத்துக்கு மேஸ்திரி. “நாலு மணிக்கு உடைக்கிற மெஷின் வருது. அடிப்பலகை நல்லாயிருந்தா படகை எடுத்துட்டுப் போ. இல்லேன்னா விறகுதான்.”

“ஆறு படகைக் காப்பாத்துனவ நான். இதை மட்டும் விட்டுருவேனா?”

“உனக்குப் பிசின்னு பேர் வச்சவன் வாய்க்குச் சர்க்கரை போடணும்.”

நகம் போன கட்டைவிரலால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏணி சாத்தி ஏறி, மேல்மூடியைத் திறந்து இறங்கினாள்.

பலகை இடுக்குகளில் நூல் நூலாய் வெளிச்சம். பழைய தாரும் பாசியும் நனைந்த கயிறுமாய் ஒரு வாடை. பன்னிரண்டு வருஷமாய்த் தரையில் முட்டுக் கொடுத்து நிற்கிற படகு, மழை பெய்தே மாசக் கணக்காகிறது, ஆனாலும் கணுக்காலைச் சில்லென்று பிடித்தது தண்ணீர். விரலில் தொட்டு நக்கினாள். உப்பு.

மேலே மூடி சாத்திக்கொண்டது.

“சாத்திக்கோ. உன்னைப் பார்க்காம போறதா இல்லை,” என்று படகிடம் சொல்லிவிட்டுக் குனிந்து, தண்ணீருக்குள் கைவிட்டு அடிப்பலகையைத் தட்டினாள்.

டங்.

சிரித்தேவிட்டாள். “பிழைச்சே, போ.” அத்தானிடம் சொல்ல வேண்டும். மூடியைத் தள்ளினாள். அசையவில்லை. கத்தினாள். குரல் மரத்தைத் தாண்டவில்லை. தண்ணீர் முழங்காலில். பிறகு இடுப்பில். சரி, தட்டிக் கூப்பிடலாம் என்று கொட்டாப்புளியை ஓங்கினாள்.

வெளியே பேச்சுக் குரல்.

“தள்ளி நில்லுங்க அத்தான், மரம் என்ன சொல்லுதுன்னு கேக்கணும்.”

அவள் குரலேதான்.

பலகையில் ஒரே ஒரு தட்டு.

ஓங்கிய கை அப்படியே நின்றது. தட்டினால் அவள் வருவாள். ஏறுவாள். இறங்குவாள்.

கொட்டாப்புளியை மார்போடு இறுக்கிக்கொண்டாள். தண்ணீர் கழுத்தில்.

“மாட்டேன்,” என்றாள். “செத்தாலும் தட்ட மாட்டேன். என்ன பண்ணுவே?”

பிடரிக்குப் பின்னால் மூன்று தட்டு.

திரும்பினாள். தண்ணீருக்குள், விலாப்பலகை நெடுக, கொட்டாப்புளி பிடித்த வெளுத்த கைகள். பத்து. இருபது. எல்லாக் கட்டைவிரலிலும் நகமில்லை.

“அத்தான், உள்ள யாரோ தட்டுறாங்க.”

வெளியே ஏணி சாத்தும் சத்தம்.