கரையாத உருவாரம்

இரண்டு மாட்டுவண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தபோது, பல வாரமாக எதிர்பார்த்த மருந்துப் பெட்டிகள்தான் வந்துவிட்டன என்று வாசலுக்கு ஓடினேன். இறங்கியது அருணகிரியின் குடும்பம். எனக்கு எரிச்சலாக வந்தது. திருச்செங்கோட்டுக்குத் தெற்கே சோளக்காட்டு நடுவில் இருந்த அந்தத் தர்ம ஆஸ்பத்திரிக்கு டாக்டரும் நான்தான், கம்பவுண்டரும் நான்தான், சில நாள் பெருக்குகிறவனும் நான்தான். பேச்சுத்துணைக்கு ஆள் வருவது நல்லதுதான் என்று பிறகு மனதைத் தேற்றிக்கொண்டேன். அது முப்பத்தாறாம் வருஷம், மழை பொய்த்த ஆடி மாதம்.

அருணகிரி ரசாயனம் படித்தவர். பழைய சிலைகளும் மண் உருவங்களும் அழியாமல் காக்க வழி தேடிக்கொண்டிருந்த ஓர் ஆராய்ச்சிக் கழகம் அவரைச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தது. ஆஸ்பத்திரியை ஒட்டிப் பூட்டிக் கிடந்த ஓட்டுப் பங்களாவில் குடியேறினார். “நீங்க மனுஷனுக்கு வைத்தியம் பாக்கறீங்க, நான் மண்ணுக்குப் பாக்கறேன். அவ்வளவுதான் வித்தியாசம்” என்று சிரித்தார். மனைவி சென்னியம்மாள் இந்தப் பக்கத்துப் பண்ணையக்காரர் வீட்டுப் பெண். ஒரே மகள் பாவாயிக்கு ஐந்து வயது. வண்டியிலிருந்து தூக்கும்போதே அவளுக்கு உடம்பு கொதித்தது.

மலைக்காய்ச்சல் என்று கொயினா கொடுத்தேன். இந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கு வராத காய்ச்சலா? ஒரு வாரத்தில் எழுந்து ஓடுவாள் என்று சென்னியம்மாளுக்குத் தைரியம் சொன்னேன்.

ஊர் எல்லையில் ஒரு காளியாத்தாள் கோயில் இருந்தது. நோய் கண்டவர்கள் சுடாத பச்சை மண்ணில் ஓர் உருவாரம் செய்து அங்கே வைப்பார்கள். காலில் புண் என்றால் ஒரு கால், குழந்தைக்கு நோய் என்றால் ஒரு குழந்தை. கூரையில்லாத வெட்டவெளியில்தான் வைக்க வேண்டும். மழையில் மண் கரையக் கரைய நோயும் கரையும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மருந்தையும் சேர்த்துக் குடித்தால் சரி என்று விட்டுவிடுவேன்.

அருணகிரி ஒரு நாள் போய் அவற்றைப் பார்த்தார். “இத்தனை அழகான வேலை, ஒரு மழைக்குத் தாங்காதே” என்று புலம்பினார். ஊர்க்கவுண்டர் சின்னண்ணனிடம் போய்க் கேட்டார்.

“மண்ணுதானுங்க. வேணும்னா அள்ளீட்டுப் போங்க” என்றார் கவுண்டர்.

எடுக்கக் கூடாது என்று அங்கே ஒரு கட்டுப்பாடும் இல்லை. கரைய வைத்ததை ஒருவன் காப்பாற்ற நினைப்பான் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

ஒரு மத்தியானம் வெயில் நெருப்பாகக் கொட்டும்போது எல்லா உருவாரங்களையும் வைக்கோல் பரப்பிய வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பங்களாவின் கடைசி அறையில் அடுக்கினார். பிள்ளையின் கட்டிலை விட்டு நகராத சென்னியம்மாள் அந்தப் பக்கம் வரவே இல்லை. அன்றே வேலையை ஆரம்பித்தார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். புதிதாகச் செய்து வைத்தது போலிருந்த ஒரு சின்னப் பெண் உருவத்தை முதலில் எடுத்தார். செய்தவளின் விரல் ரேகைகூட அதன் முதுகில் அழியாமல் பதிந்திருந்தது. சூடு காட்டி ஈரத்தைப் போக்கி, உருகிய மெழுகில் மெல்ல இறக்கினார்.

மண்ணுக்குள் இருந்த காற்று குமிழ் குமிழாக வெளியே வந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். நெஞ்சில் சளி கட்டிய குழந்தை மூச்சு விடுகிற சத்தம்.

பிறகு அது நின்றது.

“உள்ளே முழுக்க இறங்கிடுச்சு டாக்டர். இனி எத்தனை காலமானாலும் இப்படியே இருக்கும்” என்றார் அருணகிரி. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்கப்புறம் என் வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. சடையன் என்ற பண்ணையாளுக்குக் காலில் புண் ஆறிக்கொண்டு வந்தது. அது அப்படியே நின்றுவிட்டது. ஆறவும் இல்லை, அழுகவும் இல்லை. கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் அதே அளவு, அதே வடிவம். மேட்டுத்தெருவில் அத்தாயி என்ற கிழவி இன்றோ நாளையோ என்று கிடந்தாள். அவள் மகன் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “ஆத்தா இழுத்துக்கிட்டே கெடக்குதுங்க. பொழைக்கவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது.”

பாவாயியின் காய்ச்சல் நூற்று மூன்றில் நின்றது. காலையிலும் நூற்று மூன்று, மாலையிலும் நூற்று மூன்று. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வேறொன்று வரவழைத்தேன். பாதரசம் அதே கோட்டில் போய் நின்றது.

வாரக்கணக்கில் சோறு இறங்காத குழந்தை இளைக்க வேண்டும். அவள் இளைக்கவில்லை. எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

அந்தக் கடைசி அறையைத் தாண்டிப் போகவே கால் கூசியது. ஊரே வறண்டு வெடித்துக் கிடக்க, அங்கே மட்டும் நனைந்த மண்ணின் வாசனை. ஒரு நாள் உச்சிவேளையில் உள்ளே யாரோ இருமினார்கள். கதவைத் திறந்தேன். உருவாரங்கள் வரிசையாக, மெழுகு மினுங்க நின்றன.

ஒரு மண்கால். அதன் கெண்டைச்சதையில் விரலால் அழுத்திய ஒரு குழி.

சடையன் புண்ணின் அதே வடிவம்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன். அருணகிரியிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் மழை பிடித்தது. சென்னியம்மாள் வாசலுக்கு வந்து, முகத்தில் சாரல் அடிக்க நின்றாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “இனிப் புள்ளைக்குச் செரியாயிருமுங்க” என்றவள், முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் ஓடினாள். திரும்பி வந்தவள் நேராக அருணகிரியிடம் போனாள்.

“ஏனுங்க, கோயல்ல வெச்ச உருவாரமெல்லாம் எங்கீங்க?”

“நான்தான் எடுத்து வந்து பத்திரப்படுத்தினேன். எதுக்குக் கேக்கறே?” என்றார் அருணகிரி.

“பாவாயிக்குன்னு நானும் ஒண்ணு வெச்சிருந்தனுங்க. சொன்னா வைவீங்கன்னு சொல்லாமப் போயி, என் கையாலயே புடிச்சு வெச்சனுங்க.”

அருணகிரி படித்தவர்தான். ஆனால் அவரும் ஒரு தகப்பன். அறைக்குள் ஓடி அந்தச் சின்னப் பெண் உருவத்தை எடுத்து வந்து மழையில் பிடித்தார். சேம்பு இலையில் விழுந்த தண்ணீர் போல மழை அதன்மேல் உருண்டு ஓடியது. நகத்தால் கீறினார். கீறல் விழவில்லை.

“சூடு காட்டினா மெழுகு வெளியே வந்துடும்” என்று கணப்புச்சட்டியைப் பற்றவைத்து, உருவத்தின் முதுகைக் காட்டினார்.

உள்ளே குழந்தை அலறினாள்.

நான் ஓடிப்போய்ப் புரட்டிப் பார்த்தேன்.

அவள் முதுகெல்லாம் கொப்புளம்.

என் கண்ணால் பார்த்தேன். அதை இன்றுவரை எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. கடைசியில் அருணகிரி சுத்தியலை எடுத்தார். சென்னியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதை ஒடச்சா, அங்க என்னங்க ஒடயும்?” என்று கேட்டாள்.

அருணகிரி சுத்தியலைக் கீழே போட்டார். அவர் அழுதார். நானும் அழுதேன், வெட்கத்துக்கு இடமில்லை. படித்த படிப்பெல்லாம் சேர்ந்து அந்த மண்ணை ஒன்றும் செய்ய முடியவில்லை. எல்லா உருவாரங்களையும் மறுநாள் கோயில் வெளியிலேயே கொண்டுபோய் வைத்தோம். மழை அவற்றின்மேல் பெய்து கழுவிவிட்டுப் போனது.

யுத்தம் முடிந்த பிறகு எனக்குச் சேலத்துக்கு மாற்றலாயிற்று. செவ்வாய்ப்பேட்டையில் அருணகிரி குடியிருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வேலையை எப்போதோ விட்டுவிட்டு ஒரு மளிகை மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே கூட்டிப்போனார். சென்னியம்மாளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

கட்டிலில் பாவாயி படுத்திருந்தாள். பத்து வருஷத்தில் ஒரு விரற்கடைகூட வளரவில்லை. பையிலிருந்த தெர்மாமீட்டரை எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கை கேட்கவில்லை. பாதரசம் அதே கோட்டில் போய் நின்றது.

“எங்க காலத்துக்கப்புறம் இவளை ஆருங்க பாத்துக்குவாங்க?” என்றாள் சென்னியம்மாள். நான் தெர்மாமீட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

குழந்தை கண் திறந்து, என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். பக்கத்தில் வரச்சொல்லி, ரகசியம்போல வாயைத் திறந்து காட்டினாள்.

“டாக்டர் மாமா, எனக்குப் பல்லு ஆடுதுங்க. நாளைக்கு உளுந்துரும், பாருங்க.”

விரலை வைத்துப் பார்த்தேன். முன்பல் ஆடத்தான் செய்தது. சென்னியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“தெனமும் இதத்தானுங்க சொல்றா” என்றாள்.